தேசப்பன் மகளின் யோகக் கண்

பழவேற்காடு பக்கம் ஒரு மீனவக் குப்பம். அங்கன்வாடியில் கண் பரிசோதனை முகாம். அரசு சுகாதார நிலையத்தில் கண் மருத்துவ உதவியாளராக இருந்த எனக்கு ஓய்வு பெற இன்னும் சில வருடங்கள் இருந்தன. மூன்று வயது ஓவியாவின் கண்ணில், உள்ளே பார்க்கும் கருவியான ஆப்தால்மாஸ்கோப்பின் வெளிச்சத்தை அடித்தேன். வலது கண்ணின் பாப்பா சிவப்பாகத் தெரிந்தது, அதுதான் சரி. இடது பாப்பா வெள்ளையாக மின்னியது. இன்னொரு முறை அடித்துப் பார்த்தேன், அதே வெள்ளை.

அந்த இடது கண் மூக்குப் பக்கம் சாய்ந்தும் இருந்தது. எத்தனை நாளாக இப்படி என்று அவள் அம்மா செல்வியைக் கேட்டேன். பின்னால் நின்ற மாமியார் முந்திக்கொண்டார்: "ஒரு வருசமா கீதும்மா. யோகக் கண்ணு! இவ தொட்டுக் குட்த்தாதான் எம்மவன் வலைய எடுத்துக்கினு போவான். எறா அள்ளிக்கினு வருவான்."

மாறுகண் அதிர்ஷ்டம் என்று நம் ஊரில் சொல்லாதவர்கள் குறைவு. அந்தக் குப்பத்தில் மற்ற படகுக்காரர்களும் வலையைக் கொண்டுவந்து ஓவியாவிடம் நீட்டியிருக்கிறார்கள். ஊரே கொண்டாடிய அந்தக் கண்ணுக்குள் கட்டி வளர்ந்துகொண்டிருந்தது. நினைத்தால் இன்றும் கோபம் வருகிறது, யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

சென்னைக் கண் ஆஸ்பத்திரிக்கு நானே கூடப் போனேன். ஸ்கேன் எடுத்துப் பார்த்த டாக்டர், ரெட்டினோபிளாஸ்டோமா, விழித்திரையில் வரும் புற்றுநோய் என்றார். சீக்கிரம் வந்திருந்தால் கண்ணைக் காப்பாற்றப் பார்த்திருக்கலாம். இனி கண்ணை எடுத்தால்தான் உயிர் தப்பும். மாமியார் தலையில் அடித்துக்கொண்டார்: "பொட்டப் புள்ளமா! கண்ணப் புடுங்கிட்டா எவன் கட்டிக்குவான்? மந்திரிச்சிப் பாக்கலாம்டா."

ஓவியாவின் அப்பா தேசப்பன் தன் அம்மா பக்கம் திரும்பினார். "இன்னாம்மா பேசற? உசுரோட இருந்தாதான எவனாவது கட்டிக்கறதுக்கு? மேடம், எங்க கையெழுத்துப் போடணும் சொல்லுங்க."

எடுத்தார்கள். பிள்ளை பிழைத்தாள்.

செல்வி அப்போது வாயும் வயிறுமாக இருந்தாள். இது அடுத்த குழந்தைக்கும் வரலாம், பிறந்ததும் காட்டுங்கள் என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். வருவார்கள் என்று எனக்கு நம்பிக்கை இல்லை. தீட்டு கழியாமல் பச்சைப் பிள்ளையை வாசல் தாண்ட விடமாட்டார்கள்.

ஒரு நாள் காலையில் டூட்டிக்குப் போனால், கேட் பக்கத்தில் தேசப்பன் நிற்கிறார். கையில் துண்டில் சுற்றிய சிசு. ஆட்டோவில் செல்வி. "ஊட்ல ஒரே பேஜாரு மேடம். நல்லா கீற கொயந்தைய எதுக்குடா தூக்கிக்கினு போறன்றாங்க. ஓவியாவுக்கும் நல்லா கீதுன்னுதான நெனச்சோம்?"

அப்படியே உள்ளே கூட்டிப்போனேன். லைட் அடித்துப் பார்த்தேன், இரண்டும் சிவப்பு. இருந்தாலும் சென்னைக்கு அனுப்பினேன். சொட்டு மருந்து விட்டுக் கண் பாப்பாவை விரித்தால்தான் ஓரத்தில் இருப்பது தெரியும். வலது கண்ணின் ஓரத்தில் ஒரு சின்னப் புள்ளி இருந்தது. லேசரிலேயே சுட்டுவிட்டார்கள். அந்தப் பையனுக்கு இன்று இரண்டு கண்ணும் நன்றாகத் தெரிகிறது.

தேசப்பன் டாக்டரிடம் ஒன்று கேட்டாராம். "ஓவியாவ இதேமாரி இட்டாந்திருந்தா?" டாக்டர் பொய் சொல்லவில்லை. தேசப்பன் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார் என்று செல்வி சொன்னாள்.

பிறகு ஒரு நாள் ஷேர் ஆட்டோ நிறையக் குப்பத்துப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு தேசப்பன் வந்து இறங்கினார். கடலில் மீன் நன்றாகப் படும் நாள், அப்படியும் தொழிலுக்குப் போகவில்லை. இந்த வேலைக்குப் புதிதாக வருபவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: இப்படி யாராவது கூட்டமாக வந்து உங்கள் உயிரை வாங்கினால் சலித்துக்கொள்ளாதீர்கள். நான் அன்று சலித்துக்கொள்ளத்தான் பார்த்தேன். எல்லோருக்கும் லைட் அடித்து முடித்து, "ஒருத்தருக்கும் ஒண்ணும் இல்லப்பா, இதுக்கா ஒரு நாள் பொழப்ப விட்டுட்டு வந்தீங்க?" என்றேன்.

"அந்த ஒண்ணும் இல்லன்றதக் கேக்கத்தான் மேடம் வந்தேன்" என்றார் தேசப்பன்.