கொண்டை ஊசி வளைவில் ஒரு போர் விமானம்

பதுளையில் பல் கட்டிக்கொண்டவர்களில் பலருக்கு நிமலனைத் தெரியாது. பல் மருத்துவர் முன்னறையில் அளவு எடுப்பார். பின்னறையில் இருந்துகொண்டு பல்லைச் செய்வது நிமலன். என் அக்கா விஜயலெட்சுமியின் கணவர். நான் அத்தான் என்று கூப்பிடுவேன். மடுல்சீமைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் தொழிலாளர் லயத்தில் பிறந்தவர். பத்தொன்பது வயதில் அந்தப் பின்னறையைக் கூட்டித் துடைக்க வந்து, அங்கேயே வேலை பழகி, இப்போது நாற்பத்துமூன்று வயதில் அந்த அறைக்குப் பொறுப்பாக இருக்கிறார்.

மாலையில் வீட்டுக்கு வந்ததும் அவர் விமானம் கட்டுவார். பெட்டியில் துண்டு துண்டாக வரும் பிளாஸ்டிக் விமானங்கள். ஆனால் பெட்டியின் மேல் படத்தில் உள்ளபடி கட்டமாட்டார். ஒரு நாட்டு விமானத்தை, அதை ஒருநாளும் வைத்திருக்காத இன்னொரு நாட்டின் நிறத்தில் கட்டுவார். அந்த நாடு அதை வாங்கியிருந்தால் எப்படி இருந்திருக்கும் என்பதுதான் அவருடைய கேள்வி.

கொழும்பில் இப்படிக் கட்டுகிறவர்களின் சங்கம் ஒன்று இருக்கிறது. ஆண்டுக்கொரு கண்காட்சி வைப்பார்கள். போன ஆண்டு அத்தான் ஒரு விமானத்தைச் சோற்றுப் பார்சல் மாதிரி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் எட்டு மணித்தியாலம் போனார். அங்கே அதைச் சிறுவர் மேசையில் வைத்துவிட்டார்கள். அந்த நாடு வாங்கியதற்கு ஒரு காரணம் இல்லாவிட்டால் அது வெறும் நிறம் பூசிய பொம்மை என்று ஒருவர் சொன்னாராம். வீட்டுக்கு வந்து அக்காவிடம் அத்தான் சொன்னது இவ்வளவுதான்: "எனக்குப் பக்கத்துல ஒரு டைனோசர் இருந்திச்சு."

இந்த ஆண்டு பெரியவர்களின் மேசைக்குப் போக வேண்டும். அதற்கு விமானத்தோடு ஒரு பக்கம் எழுதிக் கொடுக்க வேண்டும்: எந்த நாடு, எதற்காக வாங்கியது, எங்கே வைத்து ஓட்டியது. ஆங்கிலத்தில். நான் இரண்டு மொழியிலும் படித்தவள் என்பதால் அந்த வேலை எனக்கு வந்தது.

அத்தான் தேர்ந்தெடுத்திருந்தது சுவீடனின் விகன் என்ற போர் விமானம். எழுபத்திரண்டில் ஒரு பங்கு அளவு. ஒரு சாண் நீளம் வரும். கைமாறி வந்த பெட்டி, முன்சக்கரத்தைக் காணவில்லை. பொய்ப்பல்லுக்கு ஈறு செய்கிற பிசினில் அவரே ஒன்று வார்த்தார். நிறம் பூசும்வரை அந்த விமானம் இளஞ்சிவப்புச் சக்கரத்தில் நின்றது. வால் பக்கத்தில் மஞ்சளும் செம்மஞ்சளும் பூசி, நடுவில் வெள்ளை டிராகன் வரைந்தார். பூட்டான் நாட்டு விமானம்.

"பூட்டானுக்கு ஏன்?" என்று கேட்டவர் ஜெஸீம். அத்தானின் கூட்டாளி, பதுளை – மடுல்சீமை பஸ் ஓட்டுகிறவர். "நம்ம நாட்டுக்கே பூசலாமே, மச்சான்."

"நம்ம நாடு சண்டை விமானம் பாத்தது போதும். பூட்டான்ல இது யாரையும் சுடாது. எல்லையைச் சுத்திப் பாத்துட்டு வீட்டுக்கு வந்திரும்."

"சரி, ஏன் இந்த விமானம்?"

அதற்கான பதிலைத்தான் நான் அப்போது எழுதிக்கொண்டிருந்தேன். விகனுக்கு நீண்ட ஓடுபாதை வேண்டாம். ஐந்நூறு மீட்டர் நேர்த்தெரு இருந்தால் இறங்கிவிடும். சுவீடனில் காட்டுத் தெருக்களிலேயே இறக்கினார்கள். ஓடுபாதை போட இடமில்லாத மலைநாட்டுக்கு இதைவிடப் பொருத்தமான விமானம் எது? வாசித்துக் காட்டினேன். ஜெஸீம் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார்.

"ஐந்நூறு மீட்டர் நேர் ரோடா? மலையிலயா? எங்க இருக்குன்னு சொல்லு மச்சான். இருபது வருஷமா ஓட்டுறேன், நானும் ஒருக்கா நாலாவது கியர் போட்டுப் பாக்கிறேன்."

அக்கா சிரித்துவிட்டாள். அத்தான் சிரிக்கவில்லை. மலையிலேயே பிறந்து வளர்ந்த மனிதருக்கு அது தோன்றாமல் போய்விட்டது. விமானத்தை எடுத்துப் பெட்டிக்குள் வைத்து மூடினார். கண்காட்சிக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. நாலு நாள் பெட்டியைத் திறக்கவே இல்லை.

"நான் வாயை வச்சிக்கிட்டுச் சும்மா இருந்திருக்கலாம்" என்று ஜெஸீம் அக்காவிடம் சொன்னார். பௌர்ணமிப் போயா விடுமுறையன்று காலையில் வாசலில் வந்து நின்றார். "வா மச்சான், என் பஸ்ஸிலயே வா. நேர் ரோடு எங்கயாச்சும் இருந்தா காட்டுறேன். விது, நீயும் வா. அளக்கிற நாடா ஒண்ணு கொண்டு வந்திருக்கேன்" என்று என்னையும் கூப்பிட்டார்.

பசறை தாண்டும்வரை அத்தான் ஜன்னலோரம் இருந்து ஒவ்வொரு நேர்த்துண்டையும் கண்ணால் அளந்தார். நூறு மீட்டர். அறுபது. ஒருமுறை நூற்றைம்பது வரும் என்று நிமிர்ந்தார். மாடு ஒன்று குறுக்கே வந்தது, அதற்கப்புறம் வளைவு. மேலே ஒரு கொண்டை ஊசி வளைவில் பஸ் ஒரே வீச்சில் திரும்பவில்லை. கொண்டக்டர் இறங்கிப் பின்னால் போய் நின்று, பஸ்ஸின் உடம்பில் தட்டி, "வரட்டும், வரட்டும், போதும்!" என்றார். ஜெஸீம் பின்னுக்கு எடுத்து மறுபடி திருப்பினார். பஸ்ஸில் இருந்த யாரும் தலை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

கடைசித் தரிப்பிடத்தில் இறங்கி, தேயிலைக்கு நடுவே மேல் டிவிஷனுக்கு ஏறினோம். மலையைச் சுற்றிப் போகாமல் முகட்டின் மேலேயே ஒரு மண்பாதை கிடந்தது. கொழுந்து லொறி அதில் வருவதில்லை. அந்தப் பக்கம் கொழுந்து நிறுக்கிற கொட்டகை இல்லை. நாடாவின் ஒரு நுனியை நான் பிடித்தேன், மறுநுனியை ஜெஸீம் பிடித்தார். அத்தான் கல் வைத்துக் கணக்கெடுத்தார். நானூற்றுப் பத்து மீட்டர்.

"தொண்ணூறு கொறையுது" என்றார் ஜெஸீம், தான்தான் அதைத் திருடிவிட்டவர் போல.

அத்தான் பாதையின் கீழ்நுனிக்குப் போய்க் குனிந்து பார்த்தார். பாதை மேல்நுனியை நோக்கி ஏறிக்கொண்டே போனது. "கீழேயிருந்து வந்து ஏத்தத்துல எறங்கினா சீக்கிரம் நிக்கும். திரும்பப் போகும்போது எறக்கத்துல ஓடினா வேகம் வந்திரும். போதும்."

"சரி, எறங்கிருச்சு. பெறகு? முகட்டுல விமானத்துக்குக் கொட்டகை கட்ட எடமில்ல. கீழ வளைவுக்கு அந்தப் பக்கம்தான் கட்டணும். அந்த வளைவுல எப்படித் திருப்புவ?"

"நீ எப்படித் திருப்புவ?"

"நானா? ரிவர்ஸ் எடுப்பேன்."

"அதுவும் எடுக்கும்" என்றார் அத்தான்.

ஜெஸீம் என்னைப் பார்த்தார். உண்மைதான், நான் அதை வாசித்திருந்தேன். விகன் இறங்கியதும் வேகத்தைக் குறைக்க, இயந்திரத்தின் காற்றை முன்பக்கமாகத் திருப்பிவிடும். அதே முறையில் தரையில் பின்னுக்கும் போகும். போர் விமானங்களில் அப்படிச் செய்யக்கூடியவை மிகக் குறைவு. நாங்கள் அதுவரை அதைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை, தேவைப்படும் என்று நினைக்காததால்.

"அட பாவி!" என்றார் ஜெஸீம். "அப்ப இது மடுல்சீமை பஸ்தானே!"

அன்று பின்னேரமே அத்தான் பெட்டியைத் திறந்தார். பல் அச்சு எடுக்கிற சாந்தில் ஒரு மலைச்சரிவு வார்த்து, அதில் ஒரு கொண்டை ஊசி வளைவு வெட்டினார். விகன் பாதி திரும்பிய நிலையில், பின்சக்கரம் ஒன்று விளிம்புக்கு ஒரு நெல்லளவு உள்ளே. அதன் பின்னால், கையை உயர்த்திக்கொண்டு, ஓர் அங்குலத்துக்குச் சற்றுக் குறைந்த உயரத்தில் ஒரு மனிதன். நான் பக்கத்தை முதலிலிருந்து எழுதினேன். முகட்டின் நீளத்தையும் ஏற்றத்தையும் உள்ளபடியே போட்டேன். மலையின் பெயரை மட்டும் மாற்றினேன்.

கண்காட்சி மண்டபத்தில், ஓய்வுபெற்ற பொறியியலாளர் ஒருவர் நடுவராக வந்தார். பக்கத்தை முழுவதும் வாசித்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு விமானத்துக்கு அருகில் குனிந்தார். நிமிர்ந்து, சிங்களத்தில் கேட்டார், ஓடுகிற ஜெட் இயந்திரத்துக்குப் பின்னால் ஆளை நிறுத்தியிருக்கிறீர்களே, எரிந்துபோக மாட்டானா என்று. நான் வாய் திறப்பதற்குள் அத்தான் சிங்களத்திலேயே பதில் சொன்னார்.

"ரிவர்ஸ் போகும்போது காற்று முன்னால்தானே ஐயா போகும். முன்னால் நின்றால்தான் ஆபத்து. அதனால்தான் முன்னால் ஒருவரும் இல்லை."

நடுவர் மறுபடி குனிந்தார். முன்பக்கம் பார்த்தார். பூட்டான் பாதையில் சிந்தியிருந்த கற்கள் மூக்குப் பக்கத்தில் மட்டும், காற்று தள்ளியது போல, விலகிக் கிடந்தன. அதை அத்தான் எப்போது செய்தார் என்று எனக்கே தெரியாது. நடுவர் சிரித்தபடி தாளில் ஏதோ குறித்துக்கொண்டு, உதவியாளரிடம் பெரியவர்களின் மேசையில் இடம் ஒதுக்கச் சொன்னார்.

பரிசு வேறொருவருக்குப் போனது. ஆனால் பின்னேரம் வரை அந்த மேசையைச் சுற்றி ஆட்கள் குறையவில்லை. கொட்டகைக் கதவு போதிய அகலமா என்று இருவர் வாதாடினார்கள். எரிபொருள் எந்த வழியாகக் கொண்டுபோயிருப்பார்கள் என்று கேட்ட மூன்றாமவருக்கு, அத்தானை முந்திக்கொண்டு நாலாமவர் பதில் சொன்னார். சாமான் கட்டும் நேரத்தில் ஓர் இளைஞர் வந்தார், யாழ்ப்பாணத்துத் தமிழ்.

"அண்ணை, மழைகாலத்தில முகில் மூடினால் உந்த முகட்டை எப்பிடிக் கண்டுபிடிச்சவை?"

அத்தான் கொஞ்சம் யோசித்தார். "அன்னைக்குப் பறக்க மாட்டாங்க தம்பி. சும்மா உக்காந்து தேத்தண்ணி குடிப்பாங்க."

"ஓ, அது சரி" என்றார் அந்த இளைஞர், மிகவும் தீவிரமாகத் தலையாட்டி.