சாம்பல் நிற எஸ்டேட் கார்

டீசல் எஸ்டேட் காரில் எது நல்லது என்று இன்று ஒருவர் இங்கே கேட்டிருந்தார். எண்பதுகளில் நாங்களும் அப்படிப் பின்புறம் நீண்ட கார்கள் இரண்டு பார்த்தோம்.

தட்டாஞ்சாவடிப் பட்டறையில் நின்றன. பிரான்சிலிருந்து வந்த பெரிய இடத்து வண்டிகள் என்றார் தரகர். ஒன்று வெள்ளை, ஒன்று சாம்பல். மனைவிக்குச் சாம்பல்தான் பிடித்தது. தரகரோடு அரியாங்குப்பம் வரை ஓட்டிப் பார்த்தோம்.

வழியில் டீக்கடையில் உட்கார்ந்திருந்தவர்கள் எங்களைக் கண்டதும் எழுந்து நின்றார்கள். ஒருவர் தோள் துண்டை இறக்கினார்.

"யாருக்குங்க இந்த மரியாதை?" என்றாள் மனைவி. தரகர் தன் பக்கத்துக் கண்ணாடியை ஏற்றிவிட்டார்.

ஒரு வீட்டு வாசலில் எஞ்சின் நின்றுவிட்டது. உள்ளேயிருந்து ஒரு பெண் ஓடிவந்தாள்.

"யாரு வண்டிக்குச் சொன்னது? எங்க ஊட்டுக்காரரு இன்னும் மூச்சு உட்டுகினுதான இருக்காரு!"

தரகர் அப்போதுதான் வாய் திறந்தார். "இவ்ளோ நாளு இதுலதான் சார் பொணம் ஏத்துனாங்க."

அவள் உள்ளே திரும்பிப் போனாள். சற்று நேரத்தில் அவளுடைய அலறல் கேட்டது.

சாவியைத் திருப்பினேன். எஞ்சின் உடனே கிளம்பியது.

வெள்ளையை வாங்கினோம். காரணம் கேட்டவர்களிடம் மைலேஜ் என்றேன். நீங்கள் என்ன சொல்லியிருப்பீர்கள்?