முனியாண்டி காலடியில் இரண்டு பொட்டலம்

முருகையாவுக்குச் செட்டியார் கிட்டங்கியில் உட்கார வேண்டும். சுங்கைப்பட்டாணியில் வட்டிக்குக் கொடுக்கும் அந்த நீளமான கூடத்தில், மேசைப்பெட்டிக்குப் பின்னால் சம்மணம் போட்டு, "என்ன ஈடு கொண்டாந்தீங்க?" என்று இழுத்துக் கேட்க வேண்டும். சிடாம் கிரி ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டும் பிச்சையின் மகனுக்கு இப்படியும் ஓர் ஆசையா என்று லயத்துக் குடியிருப்பே சிரித்தது. அவன் சட்டை செய்யவில்லை.

கிட்டங்கி மேலாளும் அவனை விரட்டிவிடவில்லை. "கடைய நம்பியும் கொடுக்கிறோம், லாரிய நம்பியும் கொடுக்கிறோம். ரெண்டுல ஒண்ணோட நெளிவுசுளிவத் தெரிஞ்சுக்கிட்டு வா தம்பி, சேத்துக்கலாம்" என்றார்.

மளிகைக்கடை அன்சாரும் லாரிப் பட்டறை தர்மலிங்கமும் அவனை எடுத்துக்கொள்ளத் தயார். வீட்டில்தான் ரகளை. ஜப்பான்காரன் காலம் அது. சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடித்துக்கொண்டிருந்தார்கள். போனவர்களிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. திங்கட்கிழமை அடுத்த லாரி வருகிறது என்று தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி சொல்லிவிட்டார்.

"வட்டிக்கடைக்குப் பேச்சுதான் முதலு. கடைக்கே போவட்டும்" என்றார் பிச்சை.

"கடையில விக்கிறதுக்கு என்னா இருக்கு, மரவள்ளிக்கிழங்கா?" என்று சீறினாள் அம்மா மருதம்மாள். "பட்டறைக்குப் போவட்டும். மெக்கானிக்கு இல்லாம ஜப்பான்காரன் லாரி ஓடாதுலா. தொடமாட்டான்."

முருகையாவுக்குக் கடைதான் பிடித்திருந்தது. நிழல், வெள்ளை வேட்டி, கையில் கிரீஸ் படாத பிழைப்பு. இந்தக் காரணங்களை அவன் வெளியே சொல்லவில்லை.

கடைசியில் மரத்தடிக் கோயில் முனியாண்டியிடம் பூக்கேட்பது என்று முடிவாயிற்று. பட்டறைக்குச் சிவப்பு அரளி, கடைக்கு வெள்ளை அரளி. தனித்தனியாக வாழையிலையில் கட்டி, ஞாயிற்றுக்கிழமை உச்சிவேளையில் சாமி காலடியில் வைத்தார்கள். விளக்கு வைக்கும் நேரத்தில் பூசாரி ராமையா கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுக்க வேண்டும்.

பூசாரி சாப்பிடப் போனதும் முருகையா உள்ளே நுழைந்தான். இரண்டையும் பிரித்தான். சிவப்பை எறிந்துவிட்டு அதிலும் வெள்ளையை வைத்துக் கட்டினான். சாமிக்குச் சிரமம் கொடுக்காமல் தானே முடித்துவிட்டதாக நினைத்துக்கொண்டு போய் நிம்மதியாகத் தூங்கினான்.

சாயங்காலம் ராமையா எடுத்த பொட்டலத்தில் சிவப்பு அரளி சிரித்தது.

"செவப்பு எப்படி வரும்?" என்று கத்திவிட்டான் முருகையா. "ரெண்டும் வெள்ளதானே!"

"வெள்ளையா? ரெண்டும் செவப்புலா இருக்கணும்!" என்றாள் மருதம்மாள். உடனே வாயைப் பொத்திக்கொண்டாள்.

பூசாரி மற்றதைப் பிரித்தார். வெள்ளை. விஷயம் வெளியே வந்தது. மகன் போன பிறகு அம்மாவும் வந்திருக்கிறாள். ஒரு பொட்டலத்தைப் பிரித்ததும் வெள்ளை இருக்கவே, மற்றது சிவப்புதான் என்று நம்பி, இதில் சிவப்பை வைத்துக் கட்டிவிட்டாள். இரண்டு திருட்டும் சேர்ந்து பொட்டலங்களைப் பழையபடி ஆக்கிவிட்டன.

"இந்தக் குடும்பத்துலயே நான் ஒருத்தன்தான் இளிச்சவாயன்" என்றார் பிச்சை.

ராமையாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. இருந்தாலும் பூசாரியாயிற்றே. "கைபட்ட பூவு செல்லாது. அடுத்த வெள்ளிக்கிழம திரும்பப் போடுவோம்" என்றார்.

வெள்ளிக்கிழமைக்கு முன்னால் திங்கட்கிழமை இருந்தது. முருகையா அம்மாவைப் பார்த்தான். மரத்தடியைக் கடக்கும்போதுகூட முனியாண்டியைக் கும்பிடாமல் போகாதவள் அவள். இப்போது விடாமல் கன்னத்தில் போட்டுக்கொண்டிருந்தாள். தான் வேட்டி அழுக்காகக் கூடாதென்று செய்ததை, இவள் மகன் உயிரைக் காப்பாற்றச் செய்திருக்கிறாள் என்று அப்போதுதான் உறைத்தது. அவனுக்கு வெட்கமாக இருந்தது.

"பூவெல்லாம் வேணாம். நான் இப்பவே பட்டறைக்குப் போறேன்மா" என்றான்.

மருதம்மாள் அவன் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். பிறகு அதே கையால் அவனை இழுத்து அணைத்துக்கொண்டு, சாமி பக்கம் திரும்பினாள்.

"தண்டன எதுவா இருந்தாலும் எனக்கே குடு. இவன் இங்கனயே இருக்கட்டும்."