பம்புசெட்டுக் கயிறு

கண்ணுகளா, நேற்று நம் பழைய காரின் பானெட்டைத் திறந்து வைத்திருந்தபோது ஒரு குழாய்க்குள் துணியைத் திணித்து விளையாடினீர்கள். நான் அப்படிக் கத்தியிருக்க வேண்டாம். எனக்கு அதைச் சொல்லும் யோக்கியதையும் இல்லை. ஏன் என்று எழுதுகிறேன்.

தொண்ணூறுகளின் ஆரம்பம். உங்கள் அத்தை மகளுக்குக் கல்யாணம். தாய்மாமன் நான், பெண்ணை என் காரில்தான் மண்டபத்துக்கு அழைத்து வருவேன் என்று உறவு சனத்துக்கு முன்னால் சொல்லிவிட்டேன். காருக்கு என்னைவிட வயது அதிகம். நீங்கள் அடைத்தீர்களே, அதே குழாயின் வாயில் லேசாக ஆயில் கசியும், புகை மாதிரி ஆவியும் வரும்.

துடியலூர்த் தோட்டத்தில் பம்புசெட்டோடு வளர்ந்தவன் நான். பம்பில் தண்ணீர் ஒழுகினால் மசகு தடவிய கயிற்றைத் திணித்து இறுக்குவோம், நின்றுவிடும். அந்தக் கயிற்றில் ஒரு சாண் வெட்டி இந்தக் குழாயிலும் திணித்தேன். கசிவு நின்றது. எனக்கு ஒரே பெருமை.

இரண்டே நாளில் எஞ்சின் மேல்மூடி ஓரமாக ஆயில் வழிந்தது. உக்கடத்தில் ஒர்க்‌ஷாப் வைத்திருந்த பாயிடம் கொண்டுபோனேன். மூடிச் சந்தை அடைக்கப் புது கார்க் பேக்கிங் வெட்டி வைத்தார். மேலே நின்றது, அடியில் ஒழுகியது. அங்கும் மாற்றினார். அடுத்து முன்பக்கம் ஒழுகியது. இது என்ன கூத்து என்று எனக்கு விளங்கவேயில்லை. காருக்கு அடியில் விரித்த சாக்கு தினமும் காலையில் கறுத்துக் கிடக்கும்.

"ஏனுங்ணா, பட்டுச்சேலைல கறை கிறை பட்டுச்சுன்னா என்னங்ணா பண்றது? வாடகை வண்டியே வெச்சுக்கலாமுங்களா?" என்றாள் உங்கள் அத்தை. சொன்ன சொல் என்னாவது?

கல்யாணத்துக்கு மூன்று நாள் இருக்கும்போது, ஒர்க்‌ஷாப்பில் நாலு பேர் முன்னால் பாயிடம் சத்தம் போட்டேன். "பேக்கிங் வெட்டத் தெரியாம எதுக்குங்க கடை தொறந்து வெச்சிருக்கீங்க?"

பாய் குனிந்து விளக்குப் பிடித்துப் பார்த்தவர், அந்தக் குழாயிலிருந்து எதையோ இழுத்தார். கயிறு வந்தது.

"இத யாருங்ணா சொருகுனது?"

"தெரியலீங்களே பாய்."

"எஞ்சினோட மூச்சுக்குழாய்ங்ணா இது! இட்லிச் சட்டி மூடிய இறுக்கிக் கட்டிப்போட்டா ஆவி எங்க போகும்? கெடச்ச சந்துலயெல்லாம் பிச்சுக்கிட்டு வரும். எந்தத் தோட்டத்துக்காரனோ பம்புன்னு நெனச்சுப்போட்டான்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அடைத்தபோது ஒழுகியது, திறந்துவிட்டதும் நின்றது. அதையே என் மனசு ஒத்துக்கொள்ள நாளானது. அதைவிடப் பெரிய குழப்பம் பாயைப் பற்றி. எனக்குத் தோட்டம் இருப்பது அவருக்குத் தெரியும். நான் கொடுத்த தேங்காய் அவர் வீட்டில் எத்தனையோ முறை உடைந்திருக்கிறது. தெரிந்தே என்னைத் தப்பவிட்டாரா, தெரியாமல் பேசினாரா? இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

கல்யாணப்பெண் ஒரு பொட்டுக் கறையில்லாமல் என் காரிலிருந்து இறங்கினாள். மண்டபத்தில் எல்லோரும் என்னைப் புகழ்ந்தார்கள். நாலு பேர் முன்னால் பாயைத் திட்டியதே எனக்கு நினைவில் நின்றது.

மறுநாள் மதியம் தனியாக உக்கடம் போனேன். பாய் தொழுகைக்குப் போயிருந்தார். கடையில் ஆள் இல்லை. பம்புசெட் அறையில் மிச்சமிருந்த அதே கயிற்றின் சுருளை அவர் வேலை மேசைமேல் வைத்தேன். நான் வெட்டிய முனை மேலே தெரியும்படி திருப்பி வைத்துவிட்டு வெளியே வந்தேன்.