கட்டை முப்பத்தெட்டு

போலீஸ் ஆயுதக் கிடங்கில் முப்பது ஆண்டு சார்ஜண்டாக இருந்தவன் நான். கண்ணை மூடிக்கொண்டு தடவிப் பார்த்தே எந்தத் தோட்டா என்று சொல்லிவிடுவேன். பெருமைக்குச் சொல்கிறேன்தான், ஆனால் பொய்யில்லை.

போன மாதம், மலாக்கா டவுனில் துணிக்கடை வைத்திருக்கும் பாய் போன் செய்தார். கடையைப் புதுப்பிக்கும்போது மாடிப்படிக்குக் கீழே ஒரு தகர டப்பா கிடைத்ததாம்.

"அண்ணே, உள்ளாற தோட்டாண்ணே! கடல்ல வீசிடவா?"

"தொடாதீங்க பாய். போலீஸைக் கூப்பிடுங்க, நானும் வர்றேன்." என் ஊர் தஞ்சோங் கிளிங்கிலிருந்து மோட்டார் சைக்கிளில் கிளம்பினேன்.

எனக்கு முன்பே ஓர் இன்ஸ்பெக்டர் வந்திருந்தார். தமிழ்ப் பெண், என் மகள் வயது. டப்பாவின் மேல் '38' என்று போட்டிருந்தது. நான் கிடங்கில் இருந்தவன், பாயின் சிநேகிதன் என்று தெரிந்ததும் அவர் குரல் மாறியது.

"அங்கிள், முப்பத்தெட்டு நம்ம போலீஸ் ரிவால்வர் தோட்டாதான்லா. உங்க ஸ்டோர்லேர்ந்து இங்க எப்படி வந்துச்சு?"

சுருக்கென்றது. என்னைத் திருடன் என்கிறார்! பாய் வியர்த்துப்போய் நின்றார். நான் திறந்திருந்த டப்பாவுக்குள் எட்டிப் பார்த்தேன்.

"எஸ்டேட்ல ஒரே பேர்ல ரெண்டு பேர் இருந்தா எப்படிம்மா கூப்பிடுவோம்? கட்டை, நெட்டைன்னு. முப்பத்தெட்டுலயும் ரெண்டு இருக்கு. நம்மளது நெட்டை. இது கட்டை."

பிறகு கட்டையின் வரலாற்றை அவிழ்த்துவிட்டேன். வெள்ளைக்காரனின் பழைய பெரிய தோட்டா சுடும்போது உதைத்த உதையில் புதுச் சிப்பாய்களுக்குக் குறி தப்பியது. அதனால் இதைக் கொண்டுவந்தான். வேகம் குறைவுதான், ஆனால் கனத்த ஈயக்குண்டு ஆளைச் சாய்த்துவிடும் என்று நம்பினான். அப்புறம் உடம்புக்குள் நசுங்கி விரியும் மெத்தென்ற ஈயம் போர்ச் சட்டத்துக்கு ஆகாதோ என்று பயந்து, குண்டுக்கு உலோக உறை போட்டு எடையையும் குறைத்தான். இருந்த கொஞ்ச வலுவும் போயிற்று. தடித்த கம்பளிக் கோட்டைக்கூடத் துளைக்காது என்று புலம்பியவர்கள் உண்டு. நான் வேலைக்குச் சேரும் முன்பு, அந்தக் காலத்து மலாயாப் போலீஸ் இடுப்பில் தொங்கியது இந்தச் சோம்பேறிதான்; என் கிடங்குக்கு இது வந்ததே இல்லை.

"ஆள் குட்டைன்னாலும் உடம்பு கொஞ்சம் பருமன். உங்க ரிவால்வர்ல நுழையாது, வச்சுப் பாருங்க" என்றேன்.

போலீஸ் நிலையத்துக்குப் போனோம். அங்கிருந்த கிடங்குக்காரர் காலி ரிவால்வர் ஒன்றை எடுத்து, ஒரு தோட்டாவை மெல்ல வைத்துப் பார்த்தார். பாதியிலேயே நின்றுவிட்டது.

இன்ஸ்பெக்டர் அந்தத் தோட்டாவை வாங்கிப் பார்த்தார். "மன்னிச்சிருங்க அங்கிள்" என்றார். அறிக்கையில் என் பெயருக்கு நேரே எழுதியிருந்த எதையோ அடித்துவிட்டு, "ஆயுத நிபுணர்னு போட்டுறவா?" என்று கேட்டார்.

"அதெல்லாம் வேணாம்மா. ஒரு தோட்டா குறையாம ஸ்டோரை ஒப்படைச்சிட்டுப் போனவன்னு போடுங்க."