கோலத்துச் செருப்பு

எண்ணூரில் துணி காயப்போட்டால் அனல்மின் நிலையத்துச் சாம்பலையும் சேர்த்துத்தான் மடிக்க வேண்டும். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து என் மனைவி அந்தச் சாம்பலோடு சண்டை போடுகிறாள். சோப்பைக்கூடக் கழுவிவிட்டுத்தான் தொடுவாள். அவளுக்கு உலகம் இரண்டே வகை: எங்கள் வீடு, மற்றதெல்லாம் கலீஜ். நான் எதில் சேர்த்தி என்று கேட்க எனக்கு இன்றுவரை தைரியம் வந்ததில்லை.

எனக்கு இரண்டு சிறுநீரகங்களும் பழுதாயின. லாரி எடைமேடை வேலையை விட்டுவிட்டு டயாலிசிஸ் கட்டிலில் படுத்தேன். சொந்தபந்தமெல்லாம் வந்து, நான் தொடவே கூடாத இளநீரை வைத்துவிட்டு நழுவியது. இவள் மட்டும் டாக்டரிடம் போய், "என்னுத எட்து வைங்க" என்றாள். கத்தரிக்காய் கொடுக்கிற மாதிரி சொன்னாள். ரத்த வகையும் ஒத்துப்போனது.

கொடுப்பவருக்கும் சோதனைகள் உண்டு. அதில்தான் அவள் குடலில் ஒரு நூல்பூச்சி வெகுகாலமாகக் குடியிருப்பது தெரிந்தது. அவளுக்கு அது பெரிய தொல்லை தராதாம். ஆனால் சிறுநீரகத்தோடு அது என்னிடம் வந்தால், மாற்று சிகிச்சைக்குப் பிறகு கொடுக்கும் மருந்துகளால் எதிர்ப்பு சக்தி குறைந்த என் உடம்பில் பெருகி ஆளையே முடித்துவிடும் என்றார் டாக்டர். பூச்சி ஒழிந்தால்தான் ஆபரேஷன். என் உயிர் ஊசலாடுகிற பேச்சு அது. ஆனாலும் அவள் முகத்தைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வேறு யாருடைய ரிப்போர்ட்டோ மாறி வந்துவிட்டது என்று அவள் அங்கேயே வாதாடினாள்.

அந்தப் பூச்சி மண்ணிலிருந்து வெறுங்கால் தோல் வழியாக ஏறுமாம். சாக்கடை பொங்குகிற எங்கள் தெருவில் தினமும் வெறுங்காலோடு வாசலைத் தேய்த்துக் கழுவிக் கோலம் போடுகிறவள் அவள் ஒருத்திதான். மற்றவர்கள் அவ்வளவு சுத்தமில்லாததால் தப்பித்தார்கள். இனி செருப்புப் போட்டுக்கொண்டு வாசலில் இறங்குங்கள் என்றார் டாக்டர். லட்சுமி வருகிற இடத்தில் செருப்பா என்று கொதித்துப் போனாள். கேட்காமலே சிறுநீரகத்தைக் கொடுக்க வந்தவள், இந்தச் செருப்புப் பேச்சுக்காக வீடு வரும்வரை என்னோடு பேசவில்லை.

மாத்திரை கொடுத்தார்கள். அது பலித்ததா என்று பார்க்க, மலத்தில் பூச்சியின் மரபணு மிச்சமிருக்கிறதா என்று தேடும் சோதனை. பூச்சி செத்த பிறகும் ரத்தம் பழைய பகையை மறக்காதாம், அதனால் ரத்தச் சோதனையை மட்டும் நம்ப முடியாதாம். ராயபுரத்து லேபில் ஒரு டப்பா தந்தார்கள். அவளே நிரப்பி, பையை மூன்று முடிச்சுப் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

முடிவு சொல்ல முடியவில்லை என்று வந்தது. சோதனை ஒழுங்காக நடக்கிறதா என்று காட்டுவதற்காக அவர்களே மாதிரியில் சேர்க்கும் அடையாள மரபணுகூடத் தெரியவில்லையாம். டப்பாவை என்ன செய்தீர்கள் என்று லேப் பெண் கேட்டாள்.

"எவனோ பாதி தண்ணிய உட்டு குட்த்துகீறான். அத்த கொட்டிட்டு, பிளீச்சிங் பவுடர் போட்டு கழுவி வெயில்ல கவுத்தேன்" என்றாள் என் மனைவி, பெருமையாக.

கொட்டியது, மாதிரி கெடாமலிருக்க அவர்கள் ஊற்றிக் கொடுத்த மருந்து. டப்பாவில் ஒட்டியிருந்த பிளீச்சிங் பவுடர் சோதனையையே கெடுத்துவிட்டதாம். லேப் பெண் தலையில் கைவைத்துக்கொண்டாள். நான் சிரித்துச் சிரித்து மூச்சு வாங்கினேன். அன்று இரவு எனக்குத் தூக்கமில்லை. இந்தச் சுத்தமே என்னை எமனிடம் சேர்த்துவிடுமோ என்று நிஜமாகவே பயந்தேன்.

அடுத்த டப்பாவை அவள் கழுவவில்லை. கழுவாமலிருக்க அவள் பட்ட பாட்டை நான் பார்த்தேன். இந்த முறை பூச்சியின் தடயமே இல்லை என்று வந்தது. ஆபரேஷனுக்கு நாள் குறித்த டாக்டர், அதுவரை வெறுங்காலோடு மண்ணை மிதித்தால் எல்லாம் வீண் என்று எச்சரித்து அனுப்பினார்.

மறுநாள் காலை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். வாசலில் குனிந்து புள்ளி வைத்துக்கொண்டிருந்தாள். காலில் புது ரப்பர் செருப்பு, அதையும் சோப்புப் போட்டுக் கழுவியிருந்தாள். பக்கத்து வீட்டம்மாள் நின்று, "இன்னாக்கா, செருப்போட கோலமா?" என்று கேட்டாள்.

என் மனைவி நிமிரவில்லை. "லட்சுமி கோச்சிக்கினு போனா திரும்பி வந்துடும். இந்தாளு போனா வருமா?" என்றாள்.