பாட்டுக்கும் சேர்த்து ஒரு பேட்டரி

சாவியைத் திருப்பினால் 'டக்'... அவ்வளவுதான். மறுபடி திருப்பினால் அதுவும் வராது. அதற்குள் வேனின் பின்கதவு திறக்கும். வளையல் சத்தத்தோடு பெண்கள் இறங்குவார்கள், தள்ளுவதற்கு...

சிவகாசிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனிக்கு எங்கள் ஊர்ப் பெண்களை வேனில் ஏற்றிக்கொண்டு போன காலம். காலையில் கவலையில்லை. என் வீட்டுத் தெரு சரிவு, உருட்டிவிட்டாலே எஞ்சின் பிடித்துக்கொள்ளும். சாயங்காலம் கம்பெனி வாசலில்தான் பேட்டரி காலை வாரும்.

பக்கத்து வண்டியிலிருந்து வயர் கொடுக்கலாமே என்பீர்கள். வெளியூர்க்காரர்கள் எல்லாரும் இதைத்தான் கேட்பார்கள். தீப்பெட்டியையே கேட்டில் வாங்கி வைத்துக்கொள்ளும் வாட்ச்மேன், அங்கே வயரில் பொறி பறக்க விடுவாரா? அதனால் தள்ளல்தான்.

எல்லாரும் கம்பி மத்தாப்புப் பிரிவு. எவ்வளவு தேய்த்துக் கழுவினாலும் உள்ளங்கையில் மருந்தின் வெள்ளி மினுக்கும். வண்டியின் பின்பக்கம் பூராவும் வெள்ளிக் கை அச்சு.

தள்ளுவதற்குத் தலைவி பாண்டியம்மா அக்கா.

"ஏலே முருகேசா, கம்பெனில ஒரு வேலை, உன் வண்டிக்கு ஒரு வேலையாலே?"

ஒருநாள் பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் புது வேனைக் கொண்டுவந்து நிறுத்தினார். எங்கள் ஆட்களையே ஏற்றிக்கொள்கிறேன் என்றார். அன்றைக்கு அக்கா சிரிக்கவில்லை.

"ஞாயித்துக்கெளம பேட்டரிய மாத்திரு. திங்கக்கெளமயும் தள்ளவிட்டீனா நாங்க அதுல ஏறிருவோம். பிள்ளைக பசியோட கெடக்குதுகலே."

அவர்கள் போய்விட்டால் எனக்கு வேறு ஓட்டம் கிடையாது.

விருதுநகரில் அந்த பேட்டரிக் கடை மிளகாய் வத்தல் குடோனுக்கு அடுத்து. உள்ளே போனதும் தும்மல் ஆரம்பித்துவிடும். கடைக்காரருக்கு அது பழகிப்போயிருந்தது. நான் தும்மி முடிக்கும்வரை பொறுமையாக இருந்துவிட்டுக் கேட்டார்.

"வண்டி நிக்கும்போது என்ன ஓடும் அண்ணாச்சி?"

"ஒண்ணும் ஓடாது. முன்னாடியே வேலை முடிச்ச பொம்பளையாளுக வண்டில உக்காந்து பாட்டுக் கேப்பாக. மத்தாளுக வாரவரைக்கும்..."

"டேப்பா? எஞ்சின ஆஃப் பண்ணிட்டா?"

"ஆமா."

"அப்ப பேட்டரி தானாச் சாகல. பாட்டுப் போட்டுக் கொன்னுருக்கீக."

பழைய சைஸே போதும், ஆனால் பாட்டை நிறுத்த வேண்டும் என்றார். பாட்டும் வேண்டுமென்றால் பெரியது. அது என் வண்டியின் பேட்டரித் தட்டில் உட்காராது, தட்டை வெட்டி அகலமாக்க வேண்டும். நான் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தேன். நாள் பூராவும் மத்தாப்புக் கம்பியோடு நின்றுவிட்டு வருகிறவர்களுக்கு அந்தப் பாட்டுத்தான் கொஞ்சம் இளைப்பாறல். அதை எப்படி நிறுத்துவது?

பெரியதையே வாங்கினேன். பட்டறையில் தட்டை வெட்டி ஒட்டி, பேட்டரிக்குச் சந்தனம் குங்குமம் வைத்துக் கொண்டுவந்தேன்.

திங்கள் சாயங்காலம். பாட்டு ஓடிக்கொண்டே இருக்கிறது. உள்ளுக்குள் எனக்குப் பதட்டம். கடைசி ஆளும் வந்துவிட்டார் என்றதும் சாவியைத் திருப்பினேன். ஒரே திருப்பு... எஞ்சின் பிடித்துக்கொண்டது. சந்தோஷத்தில் அப்படியே கியரைப் போட்டுக் கிளம்பிவிட்டேன்.

ரோட்டு வளைவில்தான் வண்டிக்குள் பேச்சுச் சத்தமே இல்லை என்று உறைத்தது. கண்ணாடியில் பார்த்தால், கம்பெனி வாசல் புழுதியில் அத்தனை பேரும் வரிசையாக, கையை முன்னால் நீட்டியபடி நிற்கிறார்கள். நான் சாவியைத் தொடுவதற்குள்ளேயே பழக்கதோஷத்தில் தள்ள இறங்கியிருக்கிறார்கள், பாட்டுச் சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை...

வண்டியை ரிவர்ஸிலேயே எடுத்துக்கொண்டு வந்தேன். புது வேன்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார். ஒருவரும் அவர் பக்கம் திரும்பவில்லை.

"பேட்டரி வந்ததும் எங்கள மறந்துட்டியேலே" என்று ஏறினார் பாண்டியம்மா அக்கா. ஊர் வரும்வரை வண்டிக்குள் சிரிப்பு. பாட்டு யாருக்கும் கேட்கவில்லை.

இப்போது சொந்தமாக ஒரு பழைய கார் இருக்கிறது. போன வாரம் அதன் பேட்டரி போய்விட்டது. போன் பண்ணியதும் ஒருவர் பைக்கில் வந்தார். என்ன மாடல் என்று கேட்டார், மாட்டினார், போய்விட்டார். நிற்கும்போது பாட்டுக் கேட்பீர்களா என்று அவர் கேட்கவில்லை.

ஒரே திருப்பில் ஸ்டார்ட் ஆகிறது. ஆனாலும் கண்ணாடியில் பின்னால் ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் கியர் போடுகிறேன்...

யாராவது தள்ள இறங்கியிருக்கிறார்களோ என்று.